பிறப்பேட்டில் எழுதிய கைகள்

நீரிழிவு மருத்துவத்தில் செவிலியர் தொண்டும் அவர்தம் தற்கல்வியும்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன் ஒரு கூறு; நோயைத் தீர்ப்பவன் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; அம்மருந்தைக் காலமறிந்து ஊட்டி உடனின்று பேணுபவன் ஒரு கூறு. வடமொழியில் சரகரும் இவ்வாறே மருத்துவத்திற்கு நான்கு கால்கள் கூறினார். உடனின்று பேணுவோர்க்குப் பணியறிவும், திறமையும், அன்பும், தூய்மையும் வேண்டும் என்று வற்புறுத்தினார். வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்று குறித்த அந்த நான்காமவரே இற்றை நாளில் செவிலியர் எனப்படுகின்றனர். சங்கச் சான்றோர் வளர்ப்புத் தாயைச் செவிலி என்றனர். வீடு விட்டுச் சென்ற மகளைத் தேடிப் பாலை வழியில் நடந்தவளும் அச்செவிலியே. அப்பெயரை நம் காலத்தார் மருத்துவமனைத் தாதியர்க்குச் சூட்டியது மிகப் பொருத்தமான செயலாகும்.

நோய் தீர்த்த மருத்துவரின் பெயரை உலகம் போற்றுகின்றது. மருந்து கண்டவரின் பெயர் பாடநூலில் ஏறுகின்றது. உடனின்று பேணியவர் பெயரோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. நீரிழிவு என்னும் நோயின் வரலாற்றில் அந்த நான்காமவரின் பங்கை, நாம் குடியேறி வாழும் மைசூரை நடுவாக வைத்து இங்கு ஆராயப் புகுகின்றோம். அளந்து எழுதும் ஒழுக்கமும், ஒருவர் ஏவாமல் தாமே கற்கும் ஆர்வமும் ஆகிய இரண்டுமே இக்கலையின் இரு கண்கள் என்பது நம் கருத்து.

மருந்து வந்தது, ஆசிரியை தேவைப்பட்டாள்

நீரிழிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. தேன் போன்று இனிக்கும் நீரை ‘மதுமேகம்’ என்று சுசுருதர் நூல் குறிக்கின்றது. எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயறியும் வழக்கமும் பழையது. ஆயின் நோயை அறிந்தும் தீர்க்க வழியில்லாத நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. கானடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்டு, மக்ளியாடு, காலிப் ஆகியோர் முயற்சியால் இன்சுலின் என்னும் மருந்து உருவாயிற்று. 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. மறு ஆண்டே பாண்டிங்கும் மக்ளியாடும் நோபல் பரிசு பெற்றனர்.

இங்கே ஒன்றை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவர் தரும் மருந்து சில நாளில் தன் வேலையை முடித்துவிடும். இன்சுலின் அத்தகையதன்று. அதை நாள்தோறும், உணவின் அளவும் உழைப்பின் அளவும் பார்த்து, வாழ்நாள் முழுவதும் செலுத்த வேண்டும். அளவு குறைந்தால் நோய் ஏறும். மிகுந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும். நோயாளி மருத்துவர்முன் இருப்பது சில நிமிடம். வீட்டில் இருப்பது ஆண்டு முழுவதும். ஆதலின் மருந்து வந்த அன்றே அதை ஆளும் முறையைக் கற்பிக்கும் ஆசிரியையும் தேவைப்பட்டாள்.

அக்காலத்துச் செவிலியர் செய்த வேலையை எண்ணினால் வியப்பு மேலிடும். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்வர். மழுங்கிய ஊசிமுனையைக் கல்லில் தீட்டிக் கொள்வர். சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை எடுத்து, எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் காய்ச்சுவர். நீல நிறம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என நிறம் ஏறி, செங்கல் நிறம் கண்டால் சர்க்கரை மிகுதி. இந்நிறங்களைப் பார்த்துப் பழகிய கண்ணே அன்றைய அளவுகோல். இதனை நோயாளிக்கும் கற்பித்து அவர் வீட்டிலேயே செய்து பார்க்கும்படி பழக்கியவர்களும் செவிலியரே.

இத்தேவையை முதலில் உணர்ந்தோருள் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எலியட் ஜாஸ்லின் குறிப்பிடத் தக்கவர். நோயாளியும் மருத்துவரும் ஒருங்கே படிப்பதற்கென 1918ஆம் ஆண்டிலேயே ஒரு கையேடு எழுதியவர் அவர். பயிற்சி பெற்ற செவிலியரை நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பி, அங்குத் தங்கி உணவும் ஊசியும் பற்றிக் கற்பிக்கச் செய்தார். ஊர் ஊராகச் சென்ற அவர்களை ‘அலையும் செவிலியர்’ என்றே அழைத்தனர். பின்னர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மருத்துவமனையில் ஜோன் வாக்கர் என்னும் பெண் மருத்துவர், 1950ஆம் ஆண்டளவில், வீடுதோறும் சென்று நலம் விசாரிக்கும் செவிலியரை நீரிழிவுப் பணிக்கென்றே தனியே அமர்த்தினார். நீரிழிவுக்கென்று தனித்தகுதி பெற்ற செவிலியர் என்னும் இன்றைய பதவிக்கு வித்திட்ட முயற்சிகளுள் இதனை ஒன்றாகக் கூறுவர்.

இத்தகைய செவிலியரால் விளையும் பயன் பின்னர்ப் பெரியதொரு சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவிலும் கானடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி அது. நாள்தோறும் பலமுறை சர்க்கரையை அளந்து மருந்தின் அளவை மாற்றிக்கொண்ட கூட்டத்தாருள், தொடக்கத்தில் கண்ணில் குறையின்றி இருந்தோர்க்கு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. அவர்களுக்கு மருத்துவர் மட்டும் துணையாக இருக்கவில்லை. செவிலியரும் உணவியலாரும் அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, அளவு கேட்டு, ஐயம் தீர்த்து வந்தனர். மருந்து ஒன்றே, உடனின்றவர் இருந்தமையால் பலன் பெருகிற்று.

தமிழகத்தில் இட்ட அடித்தளம்

நம் தாயகத்தில் இவ்விரு துறைகளும் வளர்ந்த வகையையும் சிறிது நோக்குவோம். செவிலியர் கல்வியில் வேலூர் முன்னின்றது. ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கு 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு ஏற்பட்டது. மறு ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அடுப்பங்கரையும் பிள்ளைப்பேறுமே பெண்ணுக்கு உலகம் என்றிருந்த நாளில், பட்டம் பெற்ற செவிலியர் என்னும் சொல் எத்துணைப் பெரிய கதவைத் திறந்தது என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

நீரிழிவு மருத்துவத்திலும் சென்னையே முன்னோடி. 1948ஆம் ஆண்டில் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கண்டார். பின்னாளில் டாக்டர் வி. சேஷையா, கருவுற்ற தாய்மார்க்குத் தோன்றும் நீரிழிவைக் கண்டறியும் எளிய முறையை நாடெங்கும் பரப்பினார். 75 கிராம் குளுக்கோசைத் தாய்க்குப் பருகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது அம்முறை. குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து, நேரம் குறித்து, குமட்டும் தாயைத் தேற்றி உட்கார வைப்பவர் பெரும்பாலும் செவிலியரே அன்றோ?

தாய், கரு, நீரிழிவு என்னும் இம்மூன்றின் தொடர்பைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் ஒரு பகுதி மைசூரில் கிடைத்த அறிவாகும். அதற்கு மூலமாக நின்றது ஒரு மருத்துவமனையின் பிறப்பேடு.

மைசூரின் பிறப்பேடு

மைசூரில் மண்டி மொகல்லா பக்கம் சென்றோர் ‘மிஷன் ஆஸ்பத்திரி’யை அறிவர். ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்தோர் 1906இல் அதனை நிறுவினர். பின்னர் அது தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் வந்தது. நம் குடியிருப்புகளில் இன்று முதியோராய் இருப்பவருள் அங்குப் பிறந்தோரும் இருத்தல் கூடும்.

நால்வடி கிருஷ்ணராச உடையார் அரசாண்ட காலமாகிய 1934ஆம் ஆண்டு முதல் அம்மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய குறிப்புகள் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன. குழந்தையின் எடை எத்தனை பவுண்டு, உடல் நீளம் எவ்வளவு, தலைச் சுற்றளவு எவ்வளவு, தாயின் எடை என்ன, அவள் இடுப்பெலும்பின் அகலம் என்ன என்பன அவற்றில் காணப்பட்டன. பிறந்த குழந்தையை அளப்பது எளிய செயல் போலத் தோன்றும். செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். தராசின் முள் சுழியில் நிற்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். மடங்கிக் கிடக்கும் கால்களை மெல்ல நீட்டிப் பிடிக்க ஒருவர்; தலையை நேரே நிறுத்த ஒருவர். அளவு நாடா தலையின் மிகப் பருத்த பகுதியைச் சுற்றி வரவேண்டும். சிறிது மேலேறினாலும் கீழிறங்கினாலும் அளவு பிழைபடும். இத்தனையும், குழந்தை அழுதுகொண்டிருக்க, அடுத்த தாய் வலியால் துடித்துக்கொண்டிருக்க, இரவு பகல் பாராது செய்தாக வேண்டும்.

இவ்வளவுகள் ஐம்பது ஆண்டு கழித்து எதற்குப் பயன்படும் என்று எழுதிய கைகளுக்குத் தெரியாது. அன்று அந்தத் தாயையும் சேயையும் காப்பதற்காகவே எழுதினர். ஆயினும் ஒழுங்காக எழுதினர், எழுதியதைக் காத்தனர். நம் சங்கத்தார்க்கு ஓர் உவமை கூறினால் எளிதில் விளங்கும். 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு வந்த கல்வெட்டுத் துறை அலுவலகத்தில், தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையையும் விளக்குக்குத் தந்த ஆட்டின் தொகையையும் வெட்டிய சிற்பி, வரலாறு எழுதுவதாக எண்ணவில்லை. அவன் பிழையின்றி வெட்டியமையால் நமக்கு வரலாறு கிடைத்தது. பிறப்பேடும் அவ்வாறே.

ஏடு உரைத்த செய்தி

இவ்வேடு உலகின் கண்ணில் பட்ட வரலாறு இங்கிலாந்திலிருந்து தொடங்குகின்றது. அங்கு ஹெர்ட்போர்டுஷயர் என்னும் மாவட்டத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்கரெட் பர்ன்சைடு என்னும் செவிலியர் தலைவி இருந்தார். அவர் மேற்பார்வையில் மருத்துவச்சியரும் செவிலியரும், 1911 முதல், பிறந்த குழந்தைகளின் எடையைப் பேரேடுகளில் பதிந்து வைத்தனர். டேவிட் பார்க்கர் என்னும் ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் அவ்வேடுகளைத் தேடியெடுத்து, அக்குழந்தைகள் முதியோரான பின் அவர்களுக்கு வந்த நோய்களோடு ஒப்பிட்டார். எடை குறைந்து பிறந்தோர்க்கு இதய நோயும் நீரிழிவும் மிகுதியாக வருதலை அவரும் அவர் தோழர்களும் கண்டனர். 1991இலும் 1992இலும் அவரும் ஹேல்ஸ் என்பவரும் வெளியிட்ட கட்டுரைகள் மருத்துவ உலகில் பெரும் விவாதத்தை எழுப்பின. கருவறையிலேயே நோயின் வித்து ஊன்றப்படுகின்றது என்பது அவர்கள் கொள்கை.

அஃது இங்கிலாந்தின் கதை. இந்தியாவிற்கு அது பொருந்துமா? அதை ஆராய, பழைய பிறப்பேடுகள் எங்கேனும் உண்டா என்று தேடி, பார்க்கருடன் பணியாற்றிய கரோலின் ஃபால் முதலியோர் மைசூரின் ஏட்டைக் கண்டனர். மருத்துவமனையைச் சுற்றிய பகுதிகளில் வீடு வீடாகச் சென்று, அங்குப் பிறந்தவரைத் தேடி, ஏட்டிலுள்ள பதிவோடு பொருத்திப் பார்த்தனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் சோதனைக்கு வந்தனர்.

1996இல் வெளிவந்த முதல் முடிவு இதய நோய் பற்றியது. 5½ பவுண்டும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தோருள் நூற்றுக்குப் பதினொருவரிடம் இதய நாள நோய் காணப்பட்டது. 7 பவுண்டும் அதற்கு மேலுமாகப் பிறந்தோருள் நூற்றுக்கு மூவரிடமே காணப்பட்டது. இங்கிலாந்தின் ஏடு சொன்னதையே மைசூரின் ஏடும் சொல்லிற்று.

1998இல் வெளிவந்த நீரிழிவு பற்றிய முடிவோ வேறு வழி சென்றது. சோதிக்கப்பட்டவருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர்க்கு நீரிழிவு இருந்தது. அவர்கள் எடை குறைந்து பிறந்தோர் அல்லர். பிறப்பில் நீளம் குறைந்து, அந்நீளத்திற்கு உடல் பருத்திருந்தோரிடமும், எடை மிகுந்த தாய்மார்க்குப் பிறந்தோரிடமும் அந்நோய் மிகுந்திருந்தது. எடையை மட்டும் குறித்து வைத்திருந்தால் இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது. நீளத்தையும் தாயின் எடையையும் எழுதிய செவிலியரின் ஒழுங்கே இவ்வுண்மையைக் காட்டிற்று. இங்கிலாந்தில் கண்டதை அப்படியே நம்மவர்க்கு ஏற்றிச் சொல்லும் பிழையிலிருந்து அந்த ஏடு மருத்துவ உலகைக் காத்தது எனல் மிகையாகாது.

இம்முடிவு அடுத்த கேள்வியைப் பிறப்பித்தது. கருவுற்ற காலத்தில் தாயின் சர்க்கரை உயர்ந்திருந்தமையே குழந்தை பருத்தற்குக் காரணமோ? விடை காண, அதே மருத்துவமனையில் 1997இல் மற்றோர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அது ‘மைசூர் பார்த்தினான் ஆய்வு’ எனப்பட்டது. கருவுற்ற 830 பெண்களுக்குச் சர்க்கரைச் சோதனை நடந்தது. நூற்றுக்கு ஆறு பேர்க்குச் சற்று மேலாகக் கருவுற்ற காலத்து நீரிழிவு காணப்பட்டது. ஐந்தாண்டு கழித்து அத்தாய்மாரை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது, கருவுற்ற காலத்தில் நீரிழிவு இருந்தோருள் நூற்றுக்கு 37 பேர் நிலையான நீரிழிவு உடையோராய் இருந்தனர். ஏனையோருள் அத்தொகை நூற்றுக்கு 2 மட்டுமே. அத்தாய்மார் பெற்ற குழந்தைகள் ஒன்பது பத்து வயதில் கொழுப்பு மிகுந்தோராய்க் காணப்பட்டனர்.

இத்தொகைகளின் பொருளை ஒவ்வொரு குடும்பமும் உணர்தல் வேண்டும். பிள்ளைப்பேற்றோடு சர்க்கரை இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து, பின் ஒருநாளும் சோதித்துப் பாராத பெண்கள் பலர். அவர்களை ஆண்டுதோறும் நினைவூட்டி அழைக்கக் கூடியவர் யார்? பேறு பார்த்த செவிலியரே. ஐந்தாண்டு கழித்துத் தாய்மார் திரும்பி வந்து சோதனைக்கு அமர்ந்தனர் என்றால், அதற்கு அன்பான சொல்லும் மறவாத குறிப்பும் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் முகப்பில் முதன்முதல் அளந்தெழுதிய கைகளின் பெயர் இல்லை. அக்குறையை நம் நன்றியேனும் நிரப்புவதாக.

ஏவாமல் கற்ற கல்வி

செவிலியர் பள்ளியில் மூன்று அல்லது நான்கு ஆண்டு படிப்பு. பணிக்காலமோ முப்பது, முப்பத்தைந்து ஆண்டு. 1950இல் பணியேற்று 1985இல் ஓய்வு பெற்ற ஒரு செவிலியை எண்ணிப் பார்ப்போம். அவள் படித்து வந்தபோது மருந்து, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் மட்டுமே. 1950களின் நடுவில் வாய்வழி மாத்திரைகள் வந்தன. சிறுநீர் காய்ச்சிய குழாய் போய், நிறம் மாறும் காகிதப் பட்டை வந்தது. பின்னர் விரல் நுனி இரத்தத்தைப் பார்க்கும் கருவி வந்தது. கண்ணாடிச் சிரிஞ்சு போய், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சு வந்தது. 1982இல் மனித இன்சுலின், அதையடுத்துப் பேனா வடிவ ஊசி. அவள் பள்ளியில் கற்றவற்றுள் பெரும்பகுதி அவள் கண்முன்னே பழையதாயிற்று. புதியதைக் கற்பித்தவர் யார்? பல வேளைகளில் எவருமில்லை. மருந்துப் பெட்டியினுள் மடித்து வைத்த தாளைப் படித்தும், மூத்தவரைக் கேட்டும், நோயாளியின் உடலையே ஏடாகக் கொண்டும் கற்றாள். ஏகலைவன் கற்ற கல்வி அது.

இவ்வகைக் கல்வியை அறிஞர் பின்னர் ஆராய்ந்து இலக்கணம் வகுத்தனர். அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் 1975இல் தற்கல்வி பற்றி எழுதிய நூலில், தமக்கு எது தெரியவில்லை என்று தாமே காணுதல், எதைக் கற்பது என்று குறிக்கோள் வகுத்தல், அதற்கான நூலையும் ஆளையும் தேடுதல், கற்கும் வழியைத் தேர்ந்து கற்றல், கற்றதைத் தாமே அளந்து பார்த்தல் என்று படிநிலைகளைக் கூறினார். இவற்றுள் முதற்படியே கடினமானது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் அதற்கு வேண்டும்.

இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. உயிர் சார்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு வலிமை உடையன. பேனாவில் இடும் மருந்தும் சில குப்பிகளும் 100 அலகு வலிமை உடையன. இரண்டிற்கும் சிரிஞ்சு வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்குச் செம்மஞ்சள் மூடி. 100 வலிமை மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்னும் கோடு வரை எடுத்தால், உடலில் செல்வது 20 அலகன்று, 50 அலகு. இரண்டரை மடங்கு! நள்ளிரவில் வியர்த்து, நடுங்கி, நினைவிழக்கும் முதியவரின் துன்பத்திற்கு மூடியின் நிறத்தைப் பாராமையே காரணமாகலாம். இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து, வீட்டாரையும் போட்டுப் பார்க்கச் செய்யும் செவிலி ஓர் உயிரைக் காக்கின்றாள்.

இன்னும் உண்டு. ஒரே இடத்தில் நாளும் ஊசி குத்தினால் தோலின்கீழ்க் கொழுப்புக் கட்டித்து மருந்து சரியாக ஏறாது; ஆதலின் இடம் மாற்றிக் குத்தக் கற்பிக்க வேண்டும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், நினைவோடு இருக்கும்போதே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கின்றதா என்று சோதிக்க வேண்டும்; உணர்ச்சி அற்ற காலில் முள் குத்தினாலும் நோயாளி அறியார், புண் புரையோடும். இவையனைத்திற்கும் மேலாக, நோயாளியின் தட்டில் இருப்பதை அறிய வேண்டும். மைசூரில் பணிபுரியும் செவிலி, கேழ்வரகுக் களியின் அளவைக் கைப்பிடியால் கேட்கவும், திருநாளில் மைசூர்ப் பாகு எத்தனை துண்டு என்று சிரித்துக்கொண்டே கேட்கவும் தெரிந்தவளாக இருத்தல் நலம். கன்னடத்தாரிடம் கன்னடத்தில், உருது பேசுவோரிடம் உருதுவில், நம் வீட்டு மூதாட்டியிடம் தமிழில் இச்செய்திகளைச் சொல்லக் கற்பதும் தொழிற்கல்வியின் ஒரு பகுதியே. இதற்குப் பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. தாமே கற்றாக வேண்டும்.

ஆயினும் ஒரு நீதி மறத்தலாகாது. தாமே கற்பர் என்று சொல்லி, கற்பிக்க வேண்டியவர் கைகட்டி இருத்தல் முறையன்று. இரவுப் பணி முடித்து வந்து வீட்டுப் பணியும் பார்க்கும் பெண்ணிடம், எஞ்சிய நேரத்தில் உன் செலவில் படி என்பது எளிது. கற்றவளுக்கு உரிய பெயரும் பதவியும் ஊதியமும் இல்லையெனில், அக்கல்வி எத்தனை நாள் தழைக்கும்? 2023இல் நாடாளுமன்றம் செவிலியர் கல்வியையும் பணியையும் ஒழுங்கு செய்யப் புதிய சட்டம் இயற்றியுள்ளது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று அறிவித்தது. இத்தனை பேர்க்கும் வேண்டிய நீரிழிவு மருத்துவரை ஆக்குதல் விரைவில் இயலாது. செவிலியரின் அறிவை வளர்த்தலே நடக்கக் கூடிய வழி.

நம் கடமை

மைசூர் நமக்கு வாழ்வளித்த ஊர். அதன் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியருள் நம் இனத்துப் பெண்களும் உளர். அங்குச் சிகிச்சை பெறுவோருள் நம் பெற்றோரும் உளர். ஆதலின் சில செயல்களை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஏடு வேண்டும். குழந்தையின் பிறப்பெடை, தாய்க்குக் கருவுற்ற காலத்துச் சர்க்கரை, பெரியோரின் மாதச் சோதனை ஆகியவற்றை நாள் குறித்து எழுதி வைப்போம். எண்பது ஆண்டுக்கு முன் மைசூர்ச் செவிலியர் பிறர் பிள்ளைகளுக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்யலாகாதா? இரண்டாவது, சங்க நூலகத்தில் செவிலியர்க்கென ஒரு நிலைப்பேழை ஒதுக்கி, புதிய மருத்துவ நூல்களை வாங்கி வைப்போம். நம் பெண்கள் மாதம் ஒருமுறை அங்குக் கூடி, தாம் கற்றதைத் தம்முள் பகிர்ந்துகொள்ள இடமளிப்போம். மூன்றாவது, ஊசி, உணவு, கால் பேணல் பற்றிய குறிப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே தாளில் அச்சிட்டு வழங்குவோம். செவிலியர் பார்த்துத் திருத்தித் தந்த பின்னரே அதனை அச்சேற்றுதல் வேண்டும். நான்காவது, அடுத்த ஆண்டுவிழா மேடையில் புலவர்க்கும் கலைஞர்க்கும் பொன்னாடை போர்த்தும்போது, பல்லாண்டு பணியாற்றிய ஒரு செவிலிக்கும் போர்த்துவோம்.

வள்ளுவர் நான்கு கூறும் வேண்டும் என்றார். அவற்றுள் மூன்றை உலகம் உயர்த்தி வைத்துவிட்டது. நான்காவதை உயர்த்தும் பணி நம் போன்ற எளிய மக்களின் கையில் இருக்கின்றது. அளந்து எழுதிய கைகளும், தாமே கற்ற நெஞ்சங்களும் நீடு வாழ்க! அவர்களைப் போற்றும் நம் சங்கமும், நமக்கு இடமளித்த மைசூர் நகரமும் வளர்க!